அடிபட்ட 'டு'

கிரிம்ஸ்பி. மீன் ஆலை ஷிஃப்டுக்குப் பிறகு வகுப்பு.
டாங்குவோலேயின் விரல்களில் இன்னும் ஹாடக் வாசம்.

ஸ்டாப் டு டாக்: பேசுவதற்காக நிற்பது.
ஸ்டாப் டாக்கிங்: பேச்சே நின்றுபோவது.
ஹேசல் பலகையில் இரண்டு முறை கோடிழுத்தாள்.

வீட்டுப்பாடத்தில் ஒரு வரி:
'ஐ ஸ்டாப்ட் டு டாக் டு மை பிரதர்.'
சிவப்பு மை முதல் 'டு'வை அடித்தது.
தம்பியோடு சண்டை போலிருக்கிறது என்று
ஹேசலே முடிவு செய்துகொண்டாள்.

"இல்லை. சரியாகத்தான் எழுதினேன்.
துறைமுகச் சாலை, நல்ல மழை,
பதினோரு வருஷம் கழித்துப் பார்க்கிறேன்.
சைக்கிளை விட்டு இறங்கிப்
பேச நின்றேன்.
அவன்தான் நிற்கவில்லை."

அடித்ததன் கீழே
ஹேசல் புள்ளிகள் வைத்தாள்,
இருக்கட்டும் என்று.
மூடியில்லாத பேனா மேசைமேல் காய்ந்தது.

அடுத்த பாடம் 'ரிமெம்பர்.'
அதை வியாழக்கிழமைக்குத் தள்ளிப்போட்டாள்.