வட்டம் கோணும் இடம்

கேத்தி பள்ளத்தாக்கில்
கேரட் பாத்திக்கும் தேயிலைச் சரிவுக்கும் நடுவே
இருபது மீட்டர் வட்டம்.
மணலும் மரத்தூளும் கலந்த தரை.
ஓரமாய்க் கவிழ்த்த பெயிண்ட் வாளிகளில்
சுண்ணாம்பு எழுத்து: க, ச, ட, த, ப.

குன்னூர் ஸ்டேஷன் ஒலிபெருக்கியில் வருவது என் குரல்.
மூன்று மொழியில் தாமதத்துக்கு வருந்துவேன்.
பதினாறு வருஷத்தில் ஒருவரும்
என்ன சொன்னீர்கள் என்று திரும்பக் கேட்டதில்லை.

முதல் நாள் மார்கழியிடம்
மூன்று மொழியிலும் சொல்லிப் பார்த்தேன், நட என்று.
அது வாலால் ஈ விரட்டியது.

ஜெஸிந்தாவுக்கு இருபத்து நாலு. எனக்கு நாற்பத்தேழு.
லாயக் கதவில் சாய்ந்து
குதிரைக்கு வைத்த ஆப்பிளைத் தான் கடித்தபடி சொல்கிறாள்:
"குதிகாலால போங்கறீங்க.
கையால போகாதேங்கறீங்க.
சேணத்துல ரெண்டு பேர் உக்காந்திருக்கீங்களாக்கா?"

இருந்தோம்.
போக வந்தவள் ஒருத்தி.
விழுந்தால் இடுப்பெலும்புக்கு என்ன செலவாகும் என்று
கூட்டிக்கொண்டிருந்தவள் ஒருத்தி.
மார்கழி இருவருக்குமே கீழ்ப்படிந்தது:
தலையைத் தூக்கி, முதுகைக் குழித்து,
நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து
வேலியோரம் கொண்டுபோய் நிறுத்தியது,
பக்கத்துத் தோட்டத்துக் கொத்தமல்லியைப் பார்க்க.

அங்கவடியைக் கழற்றிவிட்டாள்.
கடிவாளத்தையும் வாங்கிக்கொண்டாள்.
நீளக் கயிற்றின் மறுமுனையில் அவள்,
நான் வெறும் பாரம்,
ஆறு வாரம், தொடை எரிய எரிய.
ட வாளி தாண்டி த வாளி வருமுன்
ஒவ்வொரு சுற்றிலும் கயிறு தொய்ந்தது,
வட்டம் உள்ளே கோணியது.

"பழக்கங்கெட்ட குதிரை" என்றேன்.
"அது சரியாத்தான் கேக்குது" என்றாள்.
"இடப்பக்கம் வான்னு சொல்றது நீங்க."

நான் எங்கே சொன்னேன்?

ராத்திரி ஸ்வெட்டரைக் கழற்றும்போது கண்ணாடியில் கண்டேன்.
இடது இடுப்பு ஒரு விரல் வெளியே தள்ளி நிற்கிறது.
மகனைச் சுமந்த பக்கம்.
அவன் ஓசூரில் தாடி வளர்த்துக்கொண்டு
இரண்டு மாசமாய் என் போனை எடுக்காமலிருக்கிறான்.
இறக்கிவிட்டு இருபது வருஷம் ஆன எடையை
ஒரு பெட்டைக் குதிரை
முதுகால் படித்துவிட்டது.

நிறுத்த இழுக்க வேண்டாமாம்.
முதுகுத்தண்டு வளர வேண்டும்.
மூச்சு அடிவயிறு வரை இறங்க வேண்டும்.
ஈரத்துணி பிழிகிற மாதிரி விரல்களை ஒருமுறை மூடி
உடனே விட வேண்டும்.
விடாவிட்டால், தான் புரிந்துகொண்டது
அதற்கு எப்படித் தெரியும்?
என் மேஜையில் மைக்கை அணைக்கச் சிவப்புப் பொத்தான் இருக்கிறது.
உடம்பில் அது எங்கே என்று
புரட்டாசி முழுக்கத் தேடினேன்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய், மேகம் தரைக்கு இறங்கியது.
வாளிகள் போயின.
ஜெஸிந்தா ஓர் இருமலாக மட்டும் மிஞ்சினாள்.
எனக்கு முன்னே தெரிந்தவை இரண்டு காதுகள்.
ஒன்று பள்ளத்தாக்குப் பக்கம்.
ஒன்று என் பக்கம்.
மூச்சை விட்டேன்.
நான்கு குளம்பும் நின்றன.
விரல்கள் அப்போது மூடக்கூட இல்லை.

தற்செயலோ என்று மறுபடி கேட்டேன்.
நடந்துகொண்டே இருந்தது.
மூன்றாம் முறை யோசித்து
அரை அடி தள்ளி நின்றது.
கழுத்தைத் தட்டக் குனிந்தேன், தும்மல் வந்தது.

அது எந்த மொழியென்று எடுத்துக்கொண்டதோ,
மேகத்துக்குள் பாய்ந்தோம்.
ஏதோ ஒரு வாளி உருண்டது.
பிடரியை இரண்டு கையாலும் பற்றியிருந்தேன்.
"விடுங்கக்கா, விடுங்க!"
குரல் எந்தத் திசையிலிருந்தென்று தெரியவில்லை.
விட்டேன்.
பாய்ச்சல் ஓட்டமாகி, ஓட்டம் நடையாகி,
நின்று, நீளமாய் மூக்கைச் சீறி
என் பூட்ஸை முகர்ந்தது.

இறங்கவில்லை.
அடுத்து என்ன என்பதுபோல் ஒரு காது திரும்பியது.
எனக்கும் தெரியவில்லை.

கீழே மேட்டுப்பாளையம் வண்டி ஊதியது.
எத்தனை நிமிஷம் தாமதம் என்று
சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன்.
சொல்லவில்லை.