பிழை பார்ப்பவன்

எனக்கு வேலை பிழை பார்ப்பது.
மணிலாவை ஒட்டிய கேசோன் நகரில், நான்காம் மாடியில்,
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை.
கதை அமெரிக்காவில் யாரோ எழுதுகிறார்கள்,
அதற்குக் கைகால் அசைவது இங்கே.

போன மாதம் தாவீதுக்கு ஆறு விரல் இருந்தது,
கண்டுபிடித்தேன்.
கோலியாத்தின் வாள் இடக்கைக்கு மாறியிருந்தது,
அதையும்.
ஆண்டவரிடம் மட்டும் பிழை வராது.
அவருக்கு முகம் கிடையாது.
மாதிரித் தாளில் அவர்
மேலே இடது மூலையிலிருந்து சாயும் மஞ்சள் வெளிச்சம்,
எழுபது சதவீதம்.

இந்த மாதம் பேழை.
குறிப்புகள் வந்தன:
யானைக்கு இமைமயிர் வேண்டும்.
நோவா கோபப்படக் கூடாது.
தண்ணீர் நீலம், சிநேகமான நீலம்.
தண்ணீரில் யாரும் இருக்கக் கூடாது.

கடைசி வரியை லுஸ்விமிந்தா
இரண்டு முறை படித்தாள்.
“யாருமே இல்லையென்றால்
இத்தனை மழை எதற்கு?”
எஃப்ரென் கேட்காதவர்போல
அடுத்த தாளைத் திருப்பினார்.

அவள் அலை வரைபவள்.
எழும் அலையை ஒருவர் வரைந்து தருவார்,
விழுந்த அலையை இன்னொருவர்.
நடுவில் வரும் ஒன்பது படங்கள்
அவளுடையவை.

வீடு மரிகினாவில்.
ஆறு மாடிப்படி ஏறி வந்த அந்தச் செப்டம்பரில்
தகரக் கூரைமேல் பதினோரு மணி நேரம்
உட்கார்ந்து பிழைத்தவள்.
இது மற்றவர்கள் சொன்னது.
அவள் சொன்னது ஒரே ஒருமுறை,
தேநீர் இயந்திரத்தின் முன்னால், கோப்பையைச் சாய்த்து:
“இந்த நிறம். பால் ஊற்றின பிறகு.”

மரிகினா, செருப்புத் தைக்கிற ஊர்.
வெள்ளம் எதை மேலே கொண்டுவரும் என்று
அங்கே யாரையும் கேட்க வேண்டாம்.

வியாழன், அதிகாலை மூன்றரை.
காட்சி இருபத்தாறு.
ஒட்டகச்சிவிங்கி ஜன்னலில் தலைநீட்டிப் பாடுகிறது.
ஒவ்வொரு படமாகத் தள்ளுகிறேன்.
நீலம்.
நீலம்.
நீலம்.
அலையின் மடிப்பில்
ஒரு குழந்தைச் செருப்பு.
வார் அறுந்து, ஊக்குக் குத்தியது.
நீலம்.

நொடிக்கு இருபத்துநான்கு படம்.
அதில் ஒன்று கண்ணில் படாது என்பது
எங்கள் தொழிலின் நம்பிக்கை.

பட்டியலைத் திறந்து படத்தின் எண்ணைத் தட்டினேன்.
என்ன வகை என்று கேட்டது கணினி:
நிறமா, அளவா, தொடர்ச்சியா.
நிறம் சரி. தேய்ந்த ரப்பரின் மங்கல் ரோஜா.
அளவும் சரி, ஐந்து வயதுக் கால்.
தொடர்ச்சி என்றுதான் போட வேண்டும்.
அதன் ஜோடி
எந்தப் படத்திலும் வரப்போவதில்லை.

திரும்பிப் பார்த்தேன்.
முதுகு வளைத்து அடுத்த அலையில் இருந்தாள்.
நாற்காலிக்கடியில்
செருப்பைக் கழற்றிவிட்டு
ஒரு காலை மறு காலின்மேல் வைத்திருந்தாள்.

எண்ணை அழித்தேன்.
திருத்தம் ஏதுமில்லை என்று அனுப்பினேன்.
பதினேழு வருடத்தில்
நான் தெரிந்தே விட்ட பிழை அது,
பிழைதானா என்று இன்றுவரை தெரியாது.

எட்டு மாதம் கழித்து, ஞாயிறு காலை,
படம் தகலோகு பேசிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தது.
அக்கா மகள் ஜோவெலின்
பூண்டுச் சோற்றை மடியில் வைத்து
ஒட்டகச்சிவிங்கியோடு சேர்ந்து பாடினாள்.
அலை எழுந்தது, விழுந்தது.
பாட்டு நின்றது. அவளுடையது மட்டும்.

“மாமா, அது யாரோடது?”

எது என்று கேட்டேன்.
கேட்டிருக்கக் கூடாது.

அவள் பதில் சொல்லாமல் எழுந்து
வாசலுக்குப் போனாள்.
எங்கள் செருப்புகளை எண்ணுவது கேட்டது,
விரல் தொட்டு, ஜோடி ஜோடியாக.
எல்லாம் இருந்தன.

வந்து உட்கார்ந்தாள்.
திரையில் வானவில்.
எல்லா மிருகமும் அண்ணாந்து மேலே பார்க்க
அவள் மட்டும்
குனிந்து
தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.