வேறுபாட்டுக்கான காரணம்

ரீகாவில் நவம்பர் என்றால்
மாலை நாலுக்கே இருட்டிவிடும்.
ஐந்து மணிக்கு என் மேசைக்கு
ஒரே தெருமுனையிலிருந்து இரண்டு கணக்குகள் வரும்.

ஒன்று விஸ்மாவுடையது.
மடக்கு நாற்காலி, விரல்நுனி வெட்டிய கையுறை,
ஆள் கடக்கும்போதெல்லாம்
கட்டைவிரலால் ஒரு 'டிக்'.
மற்றது விளக்குக் கம்பத்தின் சாம்பல் நிறப் பெட்டியுடையது.
அது யார் முகத்தையும் பார்ப்பதில்லை.
சட்டைப்பைக்குள் கைபேசி முனகுவதைக் கேட்டு
எண்ணிக்கொள்ளும்.

இரண்டும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை.
ஏன் என்று எழுதத்தான்
எனக்குச் சம்பளம்.

பள்ளி விடும் நேரம் விஸ்மாவுக்கு அறுபது பேர்,
பெட்டிக்கு ஒன்பது.
பழுது பார்க்கும் கடைப் பையன்
பை நிறைய உயிர் வந்த கைபேசிகளோடு கடந்தால்
பெட்டிக்கு அது ஊர்வலம்.
தள்ளுவண்டியில் தூங்கும் குழந்தையைச்
சேர்ப்பதா, விடுவதா என்று
தாளின் ஓரத்தில் பென்சிலால் கேட்டிருப்பாள்.
நான் பதில் எழுதியதில்லை.

தாருக்கடியில் ஒரு கம்பிச் சுருள் பேருந்துகளை எண்ணுகிறது.
அறுவைத் தையல் போல அதன் தடம் மட்டும் வெளியே தெரியும்.
அதற்கும் கீழே கண்ணாடி இழைகளில்
யாரோ யாருக்கோ அனுப்பிய முத்தம், மருந்துச்சீட்டு,
வாடகை பாக்கிக்கு மூன்றாவது எச்சரிக்கை.
சரியாக அதன்மேல்
ஷூ நாடா கட்டக் குனிகிறாள் ஒருத்தி.

மூன்று வாரமாக ஒரு புதிர்.
இரண்டு பத்திலிருந்து இரண்டு நாற்பது வரை
விஸ்மாவின் தாளில் மனிதர்களே இல்லை.
பெட்டியிலோ
ஓர் எண் வந்து அசையாமல் நிற்கிறது.
தினமும் அதே எண், எண்பத்து மூன்றில் முடிவது.
மற்ற கம்பங்களைக் கேட்டேன்.
கேட்டிருக்கக் கூடாது.
அது ஆற்றுக்கு அப்பால் தூங்குவது தெரிந்தது,
ஞாயிறுகளில் நேரங்கழித்துக் கிளம்புவதும்.
பெயர் மட்டும் தெரியவில்லை.
அவளுக்காக நிற்கிறதா, அவளை மிரட்டவா?
படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

வியாழக்கிழமை நானே போனேன்.
பளிச்சென்று வெயில்.
சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு,
முதுகில் இன்னும் கழற்றாத உணவுப் பெட்டியோடு
ஒருவன் தெர்மாஸிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.
"பஹோதிர், இன்னும் கொஞ்சம்" என்றாள் விஸ்மா,
மூடியை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி.
எண்ணும் கருவி மடியில் கிடந்தது.
தெரு பாட்டுக்குக் கடந்துகொண்டிருந்தது,
கணக்கில்லாமல்.
நான் கடந்தபோது
அவள் நிமிரக்கூட இல்லை.

திரும்பி வந்து,
காரணம் என்ற இடத்தில்
மூடுபனி என்று எழுதினேன்.
மூன்று வாரத்துக்கும் அதையே.

அன்றைய பெட்டிக் கோப்பில்
புதிதாக ஓர் எண் இருந்தது:
எதிர்ச்சாரியில், எட்டு நிமிடம், நின்றது.
அதை அழிக்க
எனக்கு அனுமதி இல்லை.