உப்பிட்டவன்

பயிற்சியின் ஐந்தாம் சனிக்கிழமை.
தீயணைப்பு நிலையத்தின் பின்கூடத்தில் பதினோரு பேர்.
பல் மருத்துவமனையில் வேலை பார்க்கும் கொரீன்,
பால்பண்ணையை மாடுகளோடு விற்றுவிட்ட லைல் ப்ரெக்கி,
பெயர்ப்பட்டையில் வெர்லின் என்று மட்டும் எழுதி
தொழிலை எழுதாமல் விட்ட நான்.

மாய் நூ மாவட்ட நீர்த்துறைக்காரி,
எங்கள் எல்லோரையும்விட இளையவள்.
வெள்ளைத் தட்டில் ஓடையைக் கொட்டுங்கள் என்றாள்,
கலங்கல் அடங்கட்டும்,
அசைகிறதை எண்ணுங்கள்.

மூன்று வால் என்றால் முதல் கட்டம்.
இரண்டு வால் என்றால் அடுத்தது.
மணலை ஒவ்வொன்றாய் ஒட்டி
விரல்நகம் அளவுக்கு வீடு கட்டி
அதையும் இழுத்துக்கொண்டு திரிகிற புழுவுக்குத்
தனிக் கட்டம்.
ஐம்பத்தெட்டு வயதில்
ஒரு பூச்சிக்குஞ்சின் வாலை எண்ண
மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தேன்.
முட்டி வலித்தது. எழ மனமில்லை.

மேல்பாலத்தில் முப்பத்தொன்று.
கொரீன் கைதட்டினாள்.

கீழே, சரிவு முடிந்து
பள்ளிப் பேருந்து திரும்பும் வளைவுக்கடியில்
தட்டு தெளிந்தது.
தெளிந்துகொண்டே இருந்தது.
இரண்டு அட்டை, ஒரு நத்தை.
பூஜ்யத்தையும் எழுதுங்கள், என்றாள் மாய் நூ.
எழுதாமல் விட்டால் நாம் பார்க்கவில்லை என்று ஆகிவிடும்.

பிறகு காகிதப் பட்டை ஒன்றை நீரில் நிறுத்தினாள்.
பழுப்பில் வெண்மை ஏறியது,
காய்ச்சல்காரனின் பாதரசம் போல, அவசரமில்லாமல்.
நானூற்றுப் பத்து.
உப்பா? என்றார் லைல். ஜூன் மாதத்திலா?
கடல் இங்கிருந்து ஆயிரம் மைல்.

எனக்குத் தெரியும் எத்தனை மைல் என்று.
அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பும்
ஆரஞ்சு லாரி, எண் பதினேழு.
முன்னால் பனியைத் தள்ளும் தகடு,
பின்னால் சுழலும் வட்டு,
இருபத்திரண்டு குளிர்காலமாக
விஸ்கான்சினின் இந்த மூலைக்கு
நான்தான் உப்பிட்டவன்.
இந்த வளைவில் எப்போதும் இரட்டிப்பாக.
லைலின் மருமகள் வண்டி
கரும்பனியில் வழுக்கிக் கவிழ்ந்த இரவுக்குப் பிறகு
யாரும் சொல்லாமலே இரட்டிப்பாக.

பனி உருகியதும் மறந்துவிட்டேன்.
ஓடை மறக்கவில்லை.
உப்பிட்டவனை மண்ணுக்கடியில் வைத்து
உள்ளளவும் நினைத்திருக்கிறது,
கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாய்ச்
சொல்லிக்கொண்டிருக்கிறது.

பெரிதாக எதுவும் நடக்கவில்லை.
குறிப்பு என்ற கட்டத்தில்
சாலைத்துறை, லாரி பதினேழு, ஓட்டுநர் நான்
என்று எழுதிப் படிவத்தை நீட்டினேன்.
மாய் நூ படித்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.
திட்டுவாள் என்று நினைத்தேன்.
வட்டின் வேகம் எத்தனை, மைலுக்கு எத்தனை ராத்தல்,
தார் எந்தச் சூட்டில் இருக்கும்போது போடுவீர்கள்
என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள்,
இன்னொரு பூச்சி கிடைத்த மகிழ்ச்சியில்.
லைல் பூட்ஸில் புகுந்த தண்ணீரைக்
கவிழ்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார்,
வெகுநேரம்.
அந்த வளைவில் மட்டும் குறைக்காதே, என்றார்.

நவம்பர்.
சான்றிதழ் சமையலறை இழுப்பறையில்,
மின்கட்டண ரசீதுகளுக்கு மேல்.
சமதளத்தில் குமிழைப் பாதிக்குத் திருப்புகிறேன்.
பாலத்தின்மேல் உப்புக்குப் பதில் மணல்,
மேற்பார்வையாளர் ஒரு மாதத்துக்கு மட்டும் ஒப்புக்கொண்டது.
கொட்டகை வாசலில் சிந்தியதை
முன்பெல்லாம் சக்கரத்தால் மிதித்துப் போவேன்.
இப்போது மண்வாரியால் அள்ளித் திரும்பப் போடுகிறேன்,
இளையவர்கள் சிரிக்கிறார்கள்.

வளைவு வருகிறது.
விளக்கொளியில் பனி பக்கவாட்டில் பறக்கிறது.
ஆறரைக்குப் பேருந்து வரும்,
பத்தொன்பது பிள்ளைகள்.
கீழே, பனிக்கட்டியின் அடியில்,
யாரும் எண்ணாத நேரத்தில்
மணல்வீட்டுக்காரன் ஒருவன் மேலிருந்து
இழுபட்டு வந்துகொண்டிருக்கலாம்.

குமிழின்மேல் கை.
இரட்டிப்புக்கும் ஒன்றுக்கும் நடுவே
கோடு எதுவும் போட்டிருக்கவில்லை.
அங்கே நிறுத்துகிறேன்.
வட்டு சுழல்கிறது.