பதின்மூன்றாம் அலைவரிசை

இரவு பதினொன்றே கால்.
மாரிபோரில் பனி விழத் தொடங்கிவிட்டது.
விடிவதற்குள் அனுப்பியாக வேண்டும்
துணி துவைக்கும் இயந்திரம் ஒன்றின் கையேட்டை,
ஜெர்மனிலிருந்து ஸ்லோவேனியத்துக்கு நான் கொண்டுவந்த
நாற்பத்திரண்டு பக்கங்களை.
முடித்துவிட்டேன். மடிக்கணினியில் கிடக்கிறது.
மடிக்கணினிக்குத்தான் வீடு தெரியவில்லை.

ஊரெல்லாம் தெரிகிறது அதற்கு.
மேல்வீட்டுக் கோராஸ்தின் வைஃபை:
'கேட்காதே தரமாட்டேன்'.
எதிர்க்கட்டடத்துப் பல் மருத்துவர், முழு வலுவோடு.
மூன்றாம் மாடி ப்ரீமோஷ்
விவாகரத்தாகி இரண்டு வருடம்,
இன்னும் மாற்றவில்லை: 'ப்ரீமோஷும் நட்டாலியாவும்'.
தெருமுனை ரொட்டிக்கடைகூட
ஒற்றைக் கோட்டோடு
மூச்சிரைத்து வந்து வந்து போகிறது.
எங்கள் பெயர் மட்டும் இல்லை.

இத்தனைக்கும் ரௌட்டர் என் முழங்கையருகே,
பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு,
ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி.

அணைத்தேன். போட்டேன்.
பிடுங்கினேன், முப்பது எண்ணினேன், செருகினேன்.
பழைய கடவுச்சொல்லை மறக்கச் சொன்னேன்;
அது உடனே மறந்தது.
மறப்பதில் மட்டும் ஒரு குறையும் இல்லை.

கோப்பைக் கம்பி வழியாக
அலைபேசிக்கு மாற்றி அனுப்பியிருக்கலாம்.
இப்போது சொல்வது சுலபம்.
பன்னிரண்டு மணிக்கு மனிதருக்கு இருப்பது
புத்தியில்லை, பிடிவாதம்.

உதவி எண்ணில் இருபது நிமிட இசை.
பிறகு ஒரு பையன், தூக்கக் குரல்.
வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா?
கணவர், என்றேன்.
அவருக்குக் கிடைக்கிறதா?

யோசித்தேன்.
மூடிய கதவுக்குப் பின்னே ஸ்வோனே,
பேருந்துத் தொழிற்சாலையைப் பூட்டிய நாளிலிருந்து
அலைபேசியில் யாரோ ஒரு போர்த்துகீசியனோடு
சதுரங்கம் ஆடுகிறவர்.
கிடைக்கிறது, என்றேன். அவருக்குக் கிடைக்கிறது.

அப்படியானால் கணினி எங்கே வாங்கியது?

கிளீவ்லாந்தில். அத்தை மகள் மிலேனா
தள்ளுபடியில் பிடித்துக் கப்பலேற்றியது.
எங்கள் கொக்கி எழுத்துகள் இல்லாத விசைகளில்
நானே வெட்டி ஒட்டிய தாள்கள்,
ஓரம் சுருண்டு.

அடடா, என்றான் பையன். விழித்துக்கொண்டான்.
நேற்று மின்சாரம் போனதா?
போனது, ஒரு மணி நேரம்.
திரும்பி வந்த ரௌட்டர் காதுகொடுத்துக் கேட்டிருக்கும், அம்மா.
ஒன்றில் கூட்டம், ஆறில் கூட்டம், பதினொன்றில் சந்தை இரைச்சல்.
சத்தமில்லாத இடம் தேடிப்
பதின்மூன்றாம் அலைவரிசைக்குப் போய் உட்கார்ந்திருக்கும்.
உங்கள் கணினி அமெரிக்காவில் வாங்கியது.
அது பதினொன்று வரைக்கும்தான் கேட்கும்.
அதற்கு மேல் எண் இருப்பதே அதற்குத் தெரியாது.

இரண்டில் எதுவும் பழுதில்லை, என்று சேர்த்தான்.
எனக்கு ஏனோ
நாற்காலியில் நேராக உட்காரத் தோன்றியது.

ரௌட்டரைக் கவிழ்த்து, தூசி துடைத்து,
அடிவயிற்றில் ஒட்டியிருந்த பொடி எழுத்துகளைப்
பூதக்கண்ணாடி வைத்து வாசித்தேன்.
என் அலைபேசியில் அதன் உட்பக்கம் திறந்தது.
'தானாகத் தேர்ந்துகொள்' என்பதை எடுத்துவிட்டு
ஆறு என்று அழுத்தினேன்.
கோராஸ்தும் பல் மருத்துவரும்
முட்டி மோதுகிற அதே ஆறு.
இரைச்சலாக இருக்கும், என்று எச்சரித்தான் பையன்.
பரவாயில்லை, என்றேன்.

விளக்கு அணைந்தது. நிமிடம் ஒன்று.
வந்தது எங்கள் பெயர்,
பட்டியலில் நான்காவதாக,
ப்ரீமோஷுக்கும் நட்டாலியாவுக்கும் கீழே.

கையேடு மெதுவாகப் போகிறது.
பன்னிரண்டு விழுக்காடு. பதினான்கு.
கதவு திறக்கும் ஓசை.
கம்பளிக் காலுறையோடு ஸ்வோனே, கையில் அலைபேசி.
இணையத்தை நீயா அறுத்தாய்?

நான்தான்.

ஆட்டம் போச்சு, என்றார்.
பிறகு, கெண்டியை எடுத்துக் குழாயடியில் பிடித்தபடி:
எப்படியும் தோற்றுக்கொண்டுதான் இருந்தேன்.
ராணியைப் பத்தாவது நகர்த்தலிலேயே விட்டுவிட்டேன்.
அவன் யானைகளை வைத்து என்ன செய்தான் தெரியுமா.

தெரியாது.
பத்தொன்பது விழுக்காடு.
சொல்லுங்கள், என்றேன்.