ஓர் அங்குலக் கடன்

நேற்றிரவு பதினேழாவது கட்டம் முடிந்தது.
சொல்ல ஆளில்லாமல்
வானொலியில் ஓர்வோவிடம் சொன்னேன்.
"எத்தனை அங்குலம்?"
"ஒன்பது."
"இங்கே பதினொன்று, இன்னும் கொட்டுகிறது" என்றான்
பனியின் கணக்கில்.

ஹான்காக் மேட்டில் மாவட்டச் சாலை அலுவலகம்.
ஏழு பனிவாரி லாரிகளுக்கு
இரவெல்லாம் நான்தான் காது.
மேசைக்கடியில் ஒரு தையல் எந்திரம்;
விதிப்படி அது அங்கே இல்லை.
மேற்பார்வையாளர் லபார்ஜ் ஒருநாள் குனிந்து பார்த்தார்,
நிமிர்ந்தார்,
மறுநாள் தன் கால்சட்டையோடு வந்தார்,
ஓரம் மடித்துத் தரச் சொல்லி.

சுவரில் மாவட்ட வரைபடம்.
அதை மறைத்து ஒரு ஃபிளானல் விரிப்பை மாட்டியிருக்கிறேன்.
துணித்துண்டை அழுத்தினால் பசையின்றி ஒட்டிக்கொள்ளும்.
இரவு இரண்டு மணிக்கு
ஒரு நட்சத்திரத்தைக் கிழக்கிலிருந்து பெயர்த்துத்
தெற்கே வைக்கலாம்,
ஏனென்று யாரும் கேட்கமாட்டார்கள்.

எல்லாக் கட்டத்தையும் ஒரே அளவில் வெட்டியிருந்தால்
இந்தக் குவில்ட் கிறிஸ்துமஸுக்கே முடிந்திருக்கும்.
ஆசை விடவில்லை.
பன்னிரண்டில் ஒரு மரக்குடில்,
ஆறில் வெண்ணெய் கடையும் மத்து,
நாலில் பறக்கும் வாத்துகள்,
ஒவ்வொரு வாத்தும் கட்டைவிரல் நகத்தளவு.
பன்னிரண்டும் நாலும் பதினாறு.
ஒன்பதும் ஆறும் பதினைந்து.
எப்படித் திருப்பிப் போட்டாலும்
ஓர் அங்குலம் கடன் நிற்கிறது.

கரடிப் பாதத்தைத் தைத்துக்கொண்டிருந்த இரவில்
ஓர்வோவின் குரல் நின்றது.
கடைசியாகச் சொன்னது:
"குளத்து வளைவு, கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் இல்லை."
பிறகு இரைச்சல்.
முப்பத்தொன்றாம் வண்டி, கேட்கிறதா.
முப்பத்தொன்று.
மற்ற ஆறு பேரும் தங்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.
விரிப்பைத் தூக்கி வரைபடத்தில் வளைவைத் தேடினேன்,
வாத்துகள் தரையில் உதிர்ந்தன.
ரெய்னோவை அந்தப் பக்கம் திருப்பிவிட்டேன்.

அதன்பின் செய்ய எதுவுமில்லை.
எதுவுமில்லாதபோது கை சும்மா இருக்காது.
மிதித்தேன்.
கால் அங்குலத் தையல், அழைப்பு,
கால் அங்குலத் தையல், அழைப்பு,
நாற்பத்தொரு நிமிடம்.

"லெம்பி, பள்ளத்தில் இருக்கிறேன். நேராகத்தான்.
ஆன்டெனா முறிந்துவிட்டது,
ரெய்னோ வண்டியிலிருந்து பேசுகிறேன்.
காப்பி முழுக்கக் கொட்டிவிட்டது, அதுதான் வருத்தம்."
விதிப்படி நேரத்தைக் குறித்தேன்,
மூன்று ஐம்பத்திரண்டு.
பேனா இரண்டு முறை தவறி விழுந்ததைக்
குறிக்க அந்தப் படிவத்தில் இடமில்லை.

விடிந்து பார்த்தால்
கரடியின் ஒரு நகம் உள்நோக்கித் திரும்பியிருக்கிறது,
தன் உள்ளங்கையையே கீறுவதுபோல்.
பிரிப்பது எனக்குப் புதிதல்ல.
வாத்துகளை மூன்று முறை பிரித்தவள்.
மயிரிழை பிசகினாலும் மத்தைப் பிரித்தவள்.
இதை மட்டும் இஸ்திரி போட்டுச்
சுவரில் ஒட்டினேன்.

கடனை இந்த வாரம் தீர்த்தேன்.
ஒன்றரை அங்குலத்தில் ஒரு பட்டை;
இருபுறத் தையல் அரை அங்குலத்தைத் தின்னும்,
ஒன்று மிஞ்சும்.
காலுமெட் கடையில் மெர்ல் ஏழெட்டுப் பழுப்பு எடுத்துப் போட்டாள்.
நான் கேட்டது ஆரஞ்சு,
பனிவாரியின் அலகு நிறம்.
"மற்றதோடு ஒத்துப்போகாதே" என்றாள்.
"போகாதுதான்" என்றேன்.
அரை கஜம் வெட்டினாள்.

இன்னும் பதினொரு கட்டம்.
அதில் ஒன்றை, என்ன நினைப்பிலோ,
ஐந்தில் வெட்டித் தொலைத்திருக்கிறேன்,
இருக்கும் எதனோடும் கூடாத எண்.
ஜன்னல் விளக்கின் கீழே மறுபடி பூக்கத் தொடங்குகிறது பனி.
வானொலி கரகரக்கிறது.
"லெம்பி, இன்றைக்கு எத்தனை அங்குலம்?"
நீ முதலில் சொல்.