பதினோராவது மீன்

அதிகாலை மூன்று மணி. இருட்டவேயில்லை.
வலை கொட்டிய மேசையில் சேறு, கடற்பஞ்சு,
உடைந்த நட்சத்திரமீன் கால்கள்;
நடுவே பதினோரு மீன்.

ராக்னில்ட் கத்தி வைத்த இடத்தில்
தண்ணீர் கசிந்தது.
ரத்தம்தான் என்றாள். இந்தக் குளிரில்
இதற்குச் சிவப்பு வேண்டியிருக்கவில்லை.
முப்பத்தொரு சென்டிமீட்டர். பெண். வயிற்றில் கிரில்.
செவிக்கல்லை உறையிலிட்டேன்.
பேனா உறைந்துவிட்டது; பென்சில்.

பதினோராவது எதுவென்று யாருக்கும் தெரியவில்லை.
முதுகுத்துடுப்பின் முள்ளை இருமுறை எண்ணினோம்.
இரண்டு விடை.
சமையற்காரர் எவாரிஸ்தோ எட்டிப் பார்த்து,
“பொரிக்கலாமா?” என்றார்.
யாரும் சிரிக்கவில்லை. பிறகு எல்லோரும்.

பெயர்க் கட்டத்தில் கேள்விக்குறி போட்டேன்.
அதன் வாய் இன்னும்
திறந்து மூடிக்கொண்டிருந்தது.
ஈரத்துணியைப் போர்த்திவிட்டு
விளக்கை அப்பால் திருப்பினாள் ராக்னில்ட்.

பின்தளத்தில்
வலையை மறுபடி இறக்கத் தொடங்கியிருந்தார்கள்.